வாரண்டியில் இருக்கும் காருக்கு என்ன ஆயில் ஊற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலவச சர்வீஸ் என்றாலும் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும் என்பது, புதுக் கார் வாங்கிய பலருக்கு முதல் ஆயில் சேஞ்ச் பில் கைக்கு வரும்போதுதான் தெரியும். ‘இதையே வெளியில் வாங்கினால் என்ன?’ என்று உடனே தோன்றும். ‘வாரண்டி போய்விட்டால்?’ என்ற பயமும் பின்னாலேயே வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் கிளம்பும் கேள்விகள்தான் இவை. எல்லாமே இந்தியாவில் வாங்கிய பெட்ரோல், டீசல் கார்களை வைத்துச் சொல்லப்படுபவை. எலெக்ட்ரிக் கார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

வெளியில் வாங்கிய ஆயிலை ஊற்றினால் வாரண்டி ரத்தாகிவிடுமா?

வேறு பிராண்டு ஆயில் ஊற்றினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியும் போய்விடாது. ஆனால் தவறான ஆயிலால் வந்த பழுது, நேரத்துக்கு ஆயில் மாற்றாததால் வந்த பழுது இரண்டுக்கும் வாரண்டி கிடையாது என்று வாரண்டி புத்தகங்களில் ஏதாவது ஒரு வடிவில் எழுதியிருக்கும். பவர் விண்டோ மோட்டார் போனாலோ ஏசி கம்ப்ரஸர் போனாலோ ஆயிலைக் காரணம் காட்ட முடியாது. டர்போ போனால், பேரிங் சத்தம் வந்தால், டைமிங் செயின் தளர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பதே ஆயில் மாற்றிய கணக்கைத்தான்.

சட்டப் பக்கமும் கொஞ்சம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மொத்த அபராதம் 2,544 கோடி ரூபாய். வெளியில் சர்வீஸ் செய்ததால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. ஆகவே இந்த உத்தரவைக் கவுன்டரில் நின்று சொன்னால் உடனே வேலை நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சர்வீஸ் அட்வைசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கம்பெனி பாலிசி சார்” என்பார்.

நடைமுறையில் இரண்டு விஷயம்தான் உங்களைக் காப்பாற்றும். ஊற்றிய ஆயில் மேனுவலில் சொன்ன தரத்தில் இருந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்ட முடிய வேண்டும். முதலாவதில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

அமெரிக்காவில் எந்த ஆயிலும் ஊற்றலாம் என்று சட்டமே இருக்கிறதாமே?

வீடியோக்களில் அடிக்கடி அடிபடுவது 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம். எங்கள் பிராண்டு பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டியோடு முடிச்சுப் போடக் கூடாது என்று சொல்லும் அமெரிக்கச் சட்டம் அது. நமக்குப் பொருந்தாது. அங்கேயும் மேனுவலில் சொன்ன தரத்துக்குக் கீழான ஆயிலை ஊற்றிவிட்டு வாரண்டி கேட்க முடியாது.

மேனுவலில் எதைப் பார்க்க வேண்டும்?

கார் வாங்கிய அன்று டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்ட ஓனர்ஸ் மேனுவலை வெளியே எடுங்கள். கடைசி அத்தியாயங்களில் அளவுகள், கொள்ளளவுகள் என்று அட்டவணைகள் வரும். என்ஜின் ஆயில் வரியில் மூன்று தகவல் இருக்கும்: பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தனம்) கிரேடு, தர வகை, எத்தனை லிட்டர் என்பது. ஒரே மாடலுக்கு மூன்று என்ஜின் விற்றிருந்தால் வரிகளும் மூன்று இருக்கும். உங்கள் என்ஜின் எது என்று உறுதி செய்துகொண்டு படியுங்கள். டர்போ பெட்ரோலுக்கும் சாதா பெட்ரோலுக்கும் ஒரே கிரேடு இருக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

எந்த ஆயில் உசத்தி என்று இணையத்தில் வாரக்கணக்கில் தேடுவதைவிட இந்த ஒரு வரியைப் படிப்பது மேல்.

5டபிள்யூ-30 என்றால் என்ன அர்த்தம்?

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோல் இது. டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் என்ஜினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு இளகலாக இருக்கும் என்பதற்கு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-லும், 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20-லும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. பாகுநிலையின் அலகான சென்டிஸ்டோக்ஸில் சொன்னால், 20 என்றால் 6.9 முதல் 9.3-க்குள், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். 30 என்பது முப்பது டிகிரி வெயில் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நம்ம ஊரில் மைனஸ் டிகிரியே இல்லையே, முதல் எண்ணால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கொஞ்சம் பயன் உண்டு. காலையில் சாவியைத் திருப்பும்போது இருக்கும் 25, 30 டிகிரி கூட என்ஜினுக்குக் குளிர்தான். 15டபிள்யூ ஆயிலை விட 0டபிள்யூ ஆயில் அந்த நேரத்தில் மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் சீக்கிரம் போய்ச் சேரும்.

0டபிள்யூ-16 தண்ணீர் மாதிரி இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மாருதியின் புதிய கே-சீரிஸ் பெட்ரோல் என்ஜின்களுக்கு 0டபிள்யூ-16 என்று போட்டதிலிருந்து, அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள் முதல் மாமனார் வரை எல்லோரும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்கிறார்கள். “வேலூர் வெயிலுக்கு இது ஆவியாகிடும், 20டபிள்யூ-40 ஊத்துப்பா” என்பது அதில் பிரபலமானது.

வெளியில் வேலூரின் 42 டிகிரியா கொடைக்கானலின் 10 டிகிரியா என்பது, சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினுக்குள் இருக்கும் ஆயிலுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. கூலன்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பது அதன் வேலை. ஆயில் அதை ஒட்டி 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். நான்கு வழிச்சாலையில் விரட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறும். ஆக, ஆயில் எப்படியும் நூறு டிகிரியில்தான் வேலை செய்கிறது. அந்தச் சூட்டில் எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதை என்ஜினை வடிவமைத்தவர் பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பின் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கிரேடு எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, இன்றைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. நூல் போன்ற துளைகள் வழியே ஆயில் போய் அதைத் திருப்ப வேண்டும். 20டபிள்யூ-40 ஊற்றினால் காலையில் அது சோம்பலாக நகரும். கம்ப்யூட்டர் எதிர்பார்த்த கோணம் வராவிட்டால் செக் என்ஜின் விளக்கு எரியக்கூடும். அப்போது ஷோரூமுக்குப் போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மெல்லிய ஆயிலெல்லாம் மைலேஜ் காட்டத்தான் என்று சொல்பவர்கள் ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். கார்களின் எரிபொருள் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் கஃபே விதிகள் இந்தியாவில் 2017-18-இல் தொடங்கி 2022-23-இல் இறுக்கப்பட்டன. ஆயில் மெலிந்தால் உராய்வு குறைந்து கொஞ்சம் மைலேஜ் கூடும், கம்பெனிகளுக்கு அது வேண்டும். ஆனால் அதற்காக என்ஜினையும் சேர்த்தேதான் மாற்றியிருக்கிறார்கள்.

கெட்டி ஆயில்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் அதற்கும் நேர்வழி இருக்கலாம். பல மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தப் பட்டியலுக்குள் இருப்பதில் கெட்டியானதை எடுத்தால் வாரண்டிக்கு ஒரு குறையும் வராது. பட்டியலில் இல்லாததை மட்டும் வாரண்டி முடியும்வரை தள்ளி வையுங்கள்.

ஏபிஐ எஸ்என், எஸ்பி என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

கிரேடு ஆயிலின் கெட்டித்தனத்தை மட்டும் சொல்கிறது. அதற்குள் கலந்திருக்கும் வேதிப்பொருள்களின் தரத்தைச் சொல்வது இந்த எழுத்துகள். ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். எஸ் என்று தொடங்குபவை பெட்ரோல் என்ஜினுக்கு. எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்என் பிளஸ் 2018-இல், எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல். புதியது பழையதை உள்ளடக்கும். எஸ்என் கேட்டிருந்தால் எஸ்பி தாராளமாக ஊற்றலாம். எஸ்பி கேட்டிருந்தால் எஸ்என் கூடாது. கிரேடு எப்படியும் பொருந்த வேண்டும்.

இது டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் என்று பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜின்களில் ஒரு தொல்லை உண்டு. மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைக்காமல், ஆர்பிஎம் 1,500-இல் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங் இடுக்கில் சேர்ந்த ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி அறைக்குள் தெறித்து, பிளக் பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரில் ஒரு வெடிப்பு. பெரிதாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலில் அழுக்கு நீக்கியாகச் சேர்க்கும் கால்சியம் அதிகமாக இருந்தால் இது கூடுகிறது என்று தெரியவந்தது. அதனால் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைச் சேர்த்தார்கள். இந்த முன்கூட்டிய வெடிப்பை ஆயில் தடுக்கிறதா என்ற சோதனைக்காகத்தான் எஸ்என் பிளஸ் வந்ததே. எஸ்பி-யில் அதோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்ந்தது. உங்களுடையது டர்போ பெட்ரோல் என்றால் பழைய எஸ்என் ஸ்டாக் சல்லிசாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

ஐஎல்சாக் (அமெரிக்க, ஜப்பானியக் கார் கம்பெனிகள் சேர்ந்து வைத்த தரம்) ஜிஎஃப்-6ஏ, ஜிஎஃப்-6பி என்று மேனுவலில் இருந்தால் அதுவும் இதே குடும்பம். 6பி என்பது 0டபிள்யூ-16-க்கு மட்டும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 எல்லாம் 6ஏ.

என்னுடையது பிஎஸ்-6 டீசல். ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்ததும் டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி ஏறியது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்து, அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும். ஆயிலில் உள்ள உலோகக் கலவைகள் எரிந்து உண்டாகும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஐரோப்பியக் கார் கம்பெனிகளின் சங்கமான ஏசியா (ACEA) வைத்த தரத்தில் சி என்று தொடங்கும் வகைகள் இவை. உதாரணத்துக்கு சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

லாரி, டிராக்டருக்கென்று கடைகளில் கிடைக்கும் 15டபிள்யூ-40 சிஐ-4 ஆயில் நல்ல ஆயில்தான் (இந்த சி, ஏபிஐ-யின் டீசல் வகையைக் குறிப்பது, ஏசியாவின் சி அல்ல). டிபிஎஃப் உள்ள காருக்கு அது ஆகாது. பத்தாயிரம் கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும். டிபிஎஃப் மாற்றுகிற செலவைக் கேட்டால் ஆயிலில் மிச்சம் பிடித்த காசு நினைவுக்கே வராது.

டீசல்காரர்கள் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் மட்டம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வடிகட்டியைச் சூடேற்றக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், அதுவும் சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிகளில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் சேர்ந்துகொண்டே போகும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ‘பரவாயில்லை, ஆயில் குறையவே இல்லை’ என்று சந்தோஷப்படாமல் சர்வீஸ் சென்டருக்கு போன் போடுங்கள்.

கேனின் பின்பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறதே, எதை நம்புவது?

முன்பக்கத்தை மறந்துவிடுங்கள். ரேஸ் கார் படம், ‘அதிநவீன’ வகையறா எல்லாம் அங்கேதான் இருக்கும். கேனைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் ஏபிஐ எஸ்பி, ஏசியா சி3, எம்பி 229.51, வி.டபிள்யூ 504 00 என்று வரிசையாக இருக்கும். கடைசி இரண்டும் பென்ஸும் ஃபோக்ஸ்வாகனும் தங்கள் கார்களுக்கென வைத்த தரங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த எண்ணுக்கு முன்னால் ‘அப்ரூவ்டு’ என்று இருந்தால், கார் கம்பெனியே அந்த ஆயிலைச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்று பொருள். ‘மீட்ஸ்’, ‘சூட்டபிள் ஃபார்’ என்று இருந்தால், ஆயில் கம்பெனி தானே ‘எங்கள் ஆயில் அதற்குப் பொருந்தும்’ என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டாவது வகை பொய் என்று சொல்லவில்லை, பல நல்ல ஆயில்கள் அப்படித்தான் விற்கின்றன. ஆனால் நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால் முதல் வகைக்கு இருக்கும் பலம் இதற்கு இல்லை. ஐரோப்பிய கார் வைத்திருந்து மேனுவலில் இப்படி ஓர் எண் குறிப்பிட்டிருந்தால், வாரண்டி இருக்கும்வரை அப்ரூவ்டு கேனைத்தான் தேடி வாங்கச் சொல்வேன். ஏபிஐ உரிமம் பெற்ற கேனில் வட்டமான ஏபிஐ முத்திரை இருக்கும். வட்டத்தின் மேல்பாதியில் எஸ்பி, நடுவில் கிரேடு. வெறுமனே எழுத்தில் போடுவதை விட அந்த முத்திரை நம்பகமானது.

கம்பெனி பெயர் போட்ட ‘ஜெனுயின்’ ஆயில் அவ்வளவு உசத்தியா?

கார் கம்பெனிகள் ஆயில் காய்ச்சுவதில்லை. ஆயில் கம்பெனிகளிடம் தங்கள் தரத்துக்குக் கலக்கச் சொல்லி, தங்கள் லேபிளை ஒட்டி விற்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, மட்டமும் இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், வாரண்டி காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றும் மூன்று நான்கு லிட்டருக்கு ஷோரூம் ஆயிலையே ஊற்றிவிட்டுப் போவது பலருக்கு நிம்மதி. வெளி விலைக்கும் அதற்கும் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல சின்னக் கார்களில் ரொம்ப இருக்காது. பெரிய டீசல் எஸ்யூவிகளில் ஆறு ஏழு லிட்டர் பிடிக்கும்போது வித்தியாசம் உறைக்கும். அவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் அதிகம் உதவும்.

மினரல், செமி, ஃபுல் சிந்தெடிக்: எது?

மேனுவல் கேட்கும் கிரேடே இதை முடிவு செய்துவிடும். 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 எல்லாம் சிந்தெடிக்காகத்தான் கிடைக்கும். 5டபிள்யூ-30-இல் சிந்தெடிக் அல்லாததும் உண்டு. ஃபுல் சிந்தெடிக் ஊற்றியதால் ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாரண்டிக்கு மேனுவல் சொன்ன கிலோமீட்டர்தான் கணக்கு.

நான் வாங்கிய ஆயிலை ஷோரூமிலேயே கொடுத்து ஊற்றச் சொல்லலாமா?

நல்ல வழி, ஆனால் எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வண்டியை விடும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால் ஜாப் கார்டில் ஆயில் பெயர், கிரேடு, ஏபிஐ வகை, எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். ‘கஸ்டமர் கொண்டு வந்த ஆயில்’ என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு எதிராகத்தான் அது நிற்கும், எந்த ஆயில் என்று அதில் இல்லையே! ஃபில்டரையும் டிரெய்ன் போல்ட் வாஷரையும் அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

அவர்கள் டிரம்மில் இருந்து பிடித்து ஊற்றுகிறார்களே என்று சந்தேகப்படுபவர்கள் பில்லில் பார்ட் நம்பரோடு கிரேடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒர்க்‌ஷாப்பில் பழைய மாடலுக்கு ஒரு டிரம், புதிய மாடலுக்கு ஒரு டிரம் இருக்கும். பிஸியான சனிக்கிழமை மாறி ஊற்றிவிட வாய்ப்பு உண்டு. பில்லில் தவறான கிரேடு இருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் ‘டைப்பிங் மிஸ்டேக் சார்’ என்பார்கள்.

தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றலாமா?

வாரண்டி புத்தகத்தில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்று இருந்தால், வெளியில் செய்வது ஒரு ரிஸ்க்தான். 2014 உத்தரவு உங்கள் பக்கம் பேசினாலும் தகராறுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். மாருதி 2024 ஜூலையில் இருந்து மூன்று வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி கொடுக்கிறது. மூன்று வருடத்தில் ஆயில் சேஞ்ச் எத்தனை வந்துவிடப் போகிறது? எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அது காசு கொடுத்து வாங்கிய தனி ஒப்பந்தம். சர்வீஸை ஒன்று விட்டாலும் செல்லாது என்ற வகை நிபந்தனைகள் அதில் இருக்கக்கூடும், வாசித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டரே இல்லை, வெளியில்தான் மாற்றியாக வேண்டும் என்றால், ஜிஎஸ்டி எண்ணோடு ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்லை வாங்குங்கள். மெக்கானிக்கிடம் தேதி, வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், என்ன ஆயில் என்று எழுதி ஒரு ரசீது கேளுங்கள். துண்டுச் சீட்டாக இருந்தாலும் சரி, அவர் கையெழுத்தும் கடை முத்திரையும் வேண்டும். மீட்டரையும், கேனின் பேட்ச் நம்பரையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடவே இல்லை, வருடம் ஆகிவிட்டது. மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது’ என்பதுதான் பெரும்பாலான கார்களுக்கு விதி. வாரண்டி மறுப்புகளுக்கு இடம் கொடுக்கும் சாதாரணக் காரணம் இதுதான், ஆயில் பிராண்டு அல்ல. வீட்டில் நிற்கும் கார்தானே என்று பதினெட்டு மாதம் கழித்துப் போவார்கள்.

குறுகிய தூரம், நெரிசல், புழுதி, மலைப்பாதை என்று ஓட்டினால் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லி ‘கடினமான பயன்பாடு’ என்று மேனுவலில் தனி அட்டவணை இருக்கும். சென்னையில் தினமும் ஓட்டுகிறவர்கள் அதை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம், நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். முந்தி மாற்றுவதால் வாரண்டிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

நடுவில் ஆயில் குறைந்தால் வேறு பிராண்டு டாப் அப் செய்யலாமா?

அதே கிரேடு, அதே ஏபிஐ அல்லது ஏசியா வகை என்றால் தாராளமாக. ஏபிஐ தர ஆயில்கள் ஒன்றோடொன்று கலந்தால் கெட்டுப் போகாதபடிதான் செய்யப்படுகின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு நெடுஞ்சாலையில் ஆயில் அழுத்த விளக்கு எரிந்து நிற்கிறது, பக்கத்து பங்கில் வேறு கிரேடுதான் இருக்கிறது என்றால் அதையும் ஊற்றலாம். ஊற்றிய பிறகு விளக்கு அணைந்தால் மட்டும் மெதுவாகச் சர்வீஸ் சென்டர் போய்ச் சேருங்கள், அணையாவிட்டால் இழுவை வண்டிதான்.

அளவு பார்க்கும் முறை: சமதரையில் நிறுத்தி, ஓடிய என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, முழுக்க உள்ளே அழுத்தி, மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவும்போது தெரிவது நம்பத்தக்கதல்ல, பைப் சுவரில் ஒட்டிய ஆயில் குச்சி முழுக்கப் பூசியிருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பல கார்களில் முக்கால் முதல் ஒரு லிட்டர் பிடிக்கும். கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். ‘மிச்சம் எதற்கு’ என்று கேன் முழுவதையும் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகமானால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பம்பில் அழுத்தம் கொடுக்காது.

பைக்குக்கு வாங்கி மீந்த ஆயிலை ஊற்ற வேண்டாம். அது கிளட்ச்சுக்காக வேறு கணக்கில் கலந்தது.

அடிட்டிவ், என்ஜின் ஃப்ளஷ்?

ஆயிலோடு கூடுதலாகக் கலக்கச் சொல்லும் அடிட்டிவும் சரி, என்ஜினை உள்ளே கழுவும் ஃப்ளஷும் சரி, மேனுவலில் சொல்லாவிட்டால் வேண்டாம். பில்லில் ‘என்ஜின் ட்ரீட்மென்ட்’ என்று கேட்காமலே ஒரு வரி சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குத் தனி ஆயில் உண்டா?

வாரண்டியில் இருக்கும் கார்கள் பெரும்பாலும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு இ20-க்கு ஏற்ற பாகங்களோடு வந்தவை. மேனுவலில் உள்ள ஆயில்தான் அதற்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். காப்பியில் பால் கலந்த மாதிரி வெளுத்த படலம் இருந்தால் ஈரம் சேர்கிறது என்று அர்த்தம். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் வெளிச்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் கூலன்ட் கசிவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊற்றிய பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வாங்கும் இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். பெட்ரோல் பங்க், கம்பெனி விநியோகஸ்தர், பில் தரும் பெரிய உதிரிபாகக் கடை ஆகியவை பரவாயில்லை. மூடியின் வளையம் முறியாமல் இருக்கிறதா, உள் சீல் இருக்கிறதா, பேட்ச் நம்பர் அழுத்தமாக அச்சாகியிருக்கிறதா, தேய்த்தால் அழிகிறதா என்று பாருங்கள். க்யூஆர் கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். காலிக் கேனை அப்படியே பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அதில்தான் மறுபடி நிரப்புகிறார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ‘ஆயில் காரணம்’ என்று வாரண்டியை மறுத்தால்?

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எந்தப் பாகம், என்ன பழுது, ஆயில்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பாதிக்கு மேல் தகராறுகள் இந்த இடத்திலேயே சுருதி இறங்கிவிடும், எழுதிக் கொடுக்க யாரும் விரும்புவதில்லை. என்ஜினைப் பிரிப்பதற்கு முன்பு சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஆயிலில் அரை லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கச் சொல்லுங்கள். பாகுநிலை, தேய்ந்த உலோகத்தின் அளவு, கலந்த எரிபொருள் எல்லாவற்றையும் லேபில் சோதிக்க முடியும். பிரித்துக் கழுவிய பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது.

டீலரிடம் நகராவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எல்லா பில்களையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனியின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஐந்து முதல் இருபது லட்சம் ரூபாய் காருக்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், ஒருவரை மட்டும் சேர்த்தால் பொறுப்பை மற்றவர் தலையில் கட்டிவிடுவார்கள்.